பஸ்ஸின் முதல் படி

மதுரையில் முப்பது வருஷமாகப் பூக் கட்டிப் பிழைக்கும் அம்மா ஒருவர். வயது 62. விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் மல்லிகை எடுத்து வந்து, சிமென்ட் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கட்டி விற்பவர். ஒரு திங்கட்கிழமை, மகளின் தோளைப் பிடித்தபடி, பெரிய எக்ஸ்ரே கவரோடு கிளினிக்குக்குள் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் கவரை நீட்டினார்.

"ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சாம் மேடம். எலும்பும் எலும்பும் ஒரசுதாம். கீழ உக்காரக் கூடாது, படி ஏறக் கூடாது, ரொம்ப நடக்கக் கூடாதுன்னுட்டாங்க. இனிமே வீட்டோடதான்."

பிசியோதெரபிஸ்ட் கவரை வாங்கி மேசைமேல் வைத்தார். உடனே பிரிக்கவில்லை. பார்க்க வேண்டியதில் பாதியை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். நிலைப்படியைத் தாண்டும்போது அந்த அம்மா இடது காலையே முதலில் எடுத்து வைத்தார். வலது முழங்கால் முழுசாக நீளவில்லை. லேசாக மடங்கியபடியே தரையைத் தொட்டது. நாற்காலியில் உட்காரும்போது பாதி தூரம் மெதுவாக இறங்கி, மீதிப் பாதியைப் பொத்தென்று விழுந்து கடந்தார். உடம்பை மெல்ல இறக்கும் வேலை தொடையின் முன்பக்கத் தசைக்கு உரியது. அந்தத் தசை பாதி வழியில் கைவிடுகிறது என்பது கிளினிக் வாசலிலிருந்து நாற்காலி வரையிலான பத்தடியிலேயே தெரிந்துவிட்டது.

இருபத்தைந்து வருஷமாக முழங்கால்களோடு பழகும் அந்த பிசியோதெரபிஸ்ட் எல்லாரிடமும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "வலி இல்லேன்னா, மொதல்ல என்ன செய்வீங்க?"

பூக்காரம்மா யோசிக்கவே இல்லை. "டவுன் பஸ்ஸுல ஏறணும். மொதப் படி ஒசரமா இருக்கு, கால் தூக்க வர மாட்டேங்குது. ஏறுறதுக்குள்ள வண்டிய எடுத்துருறாங்க."

2021-லிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. அந்த ஒரு படியை ஏற முடியாததால் பூக்காரம்மா தினமும் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார். கட்டி விற்கிற பூவில் கிடைக்கும் லாபத்தில் பெரும்பங்கு அதற்கே போனது. சிகிச்சைக் குறிப்பேட்டில் 'நோக்கம்' என்று அச்சிட்ட இடத்தில் பிசியோதெரபிஸ்ட் இரண்டே சொல் எழுதினார்: பஸ் படி.

அதன் பிறகே எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் உள்பக்கமாக இடைவெளி குறைந்திருந்தது. விளிம்பில் சின்னச் சின்ன எலும்பு முளைகள். கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1957-இல் வகுத்த 0 முதல் 4 வரையிலான அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதன்படி வலது முழங்காலுக்கு 3, இடதுக்கு 2. வலது முட்டி 110 பாகை மடங்கியது. நீட்டும்போது 8 பாகை மிச்சம் நின்றது. கையைக் கட்டிக்கொண்டு 30 விநாடிக்குள் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணியதில் ஆறு வந்தது. அறுபதிலிருந்து அறுபத்து நான்கு வயது வரையுள்ள பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே கவனிக்க வேண்டிய நிலை.

எக்ஸ்ரேயில் நிறையத் தேய்மானம் இருந்தும் வலியே இல்லாமல் நடப்பவர்கள் இருக்கிறார்கள். படம் சுத்தமாக இருந்தும் படியிறங்க முடியாமல் அழுபவர்களும் இருக்கிறார்கள். குருத்தெலும்பில் வலியறியும் நரம்பு கிடையாது, ரத்தக் குழாயும் கிடையாது. வலி அதைச் சுற்றியுள்ள சவ்விலிருந்தும், அடியில் இருக்கும் எலும்பிலிருந்தும், தசைநார்களிலிருந்தும் வருகிறது. ரத்தம் நேரே போய்ச் சேராத குருத்தெலும்புக்கு மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் ஊட்டம். கால் அழுந்தி விடுபடும் ஒவ்வொரு முறையும் அந்தத் திரவம் உள்ளே போய் வருகிறது. காலை அசைக்காமல் வைத்திருந்தால் அந்தப் போக்குவரத்தும் மந்தமாகிவிடும்.

இதைத்தான் அவர் பூக்காரம்மாவுக்கும் அவர் மகளுக்கும் முதல் நாளே விளக்கினார். 'தேய்மானம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் மக்கள் மனசில் எழுவது சைக்கிள் டயர். ஓட்ட ஓட்டத் தேயும், நிறுத்தி வைத்தால் மிஞ்சும் என்கிற கணக்கு. டயருக்கு உயிரில்லை. முழங்கால் உயிருள்ள உறுப்பு. அளவான பளு கொடுத்தால் தன்னைத் தாங்கிக்கொள்ளப் பழகும். தேய்ந்துவிட்டது என்று சொல்லி ஓர் ஆளை நாற்காலியில் உட்கார வைத்தால், மூன்று மாதத்தில் தொடை மெலியும், எடை ஏறும், வலி கூடும். அப்புறம் அந்த வலியையே காட்டி இன்னும் கொஞ்சம் உட்கார வைப்பார்கள். தன்னிடம் வருபவர்களில் பலரைத் தேய்மானத்தைவிட இந்தச் சுழலே முடக்கியிருக்கிறது என்பது அவருடைய அனுபவம்.

பூக்காரம்மாவைக் கட்டிலில் கால் நீட்டி உட்கார வைத்தார். ஒரு குளியல் துண்டை உருளையாகச் சுருட்டி வலது முட்டிக்கு அடியில் வைத்தார். தன் உள்ளங்கையைத் தொடையின் உள்பக்கம், முட்டிச் சில்லுக்கு நாலு விரல் மேலே, பதித்தார்.

"இந்தத் துண்ட முட்டியால கீழ அமுக்குங்க."

பூக்காரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினார். இடுப்பு தூக்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. உள்ளங்கைக்குக் கீழே தசை அசையவே இல்லை, தளர்ந்த மாவைப்போல் இருந்தது.

முட்டியில் நீர் கோத்தாலோ வலி நீடித்தாலோ உடம்பு அந்தத் தசைக்குப் போகும் கட்டளையைத் தானாகவே குறைத்துவிடுகிறது. ஆரோக்கியமான முழங்காலுக்குள் உப்புநீரை ஊசியால் செலுத்திப் பார்த்த ஆய்வுகளில், வெறும் 20, 30 மில்லி போனதுமே தொடையின் உள்பக்கத் தசை சோர்ந்தது. நோயாளி சோம்பேறி என்பதால் தசை வேலை செய்யாமல் இல்லை. சுவிட்சை உடம்பே அணைத்து வைத்திருக்கிறது. மறுபடி போட வைப்பதுதான் முதல் வாரத்து வேலை.

"மூச்ச விடுங்க. குதிகால லேசா மேல தூக்குற மாதிரி நெனைச்சுக்கிட்டு அமுக்குங்க. என் கை இருக்கிற எடத்துல இறுகணும்."

நாலாவது முறை ஏதோ துடித்தது. ஏழாவது முறை உள்ளங்கைக்குக் கீழே ஒரு சின்ன மேடு எழுந்தது. அவர் தன் கையை எடுத்துவிட்டு, பூக்காரம்மாவின் கையையே அந்த இடத்தில் வைத்தார். "இப்ப நீங்களே பாருங்க." தன் காலுக்குள் ஒன்று இறுகுவதைத் தன் கையாலேயே தொட்டுப் பார்த்த பூக்காரம்மாவின் முகம் மாறியது. ஐந்து எண்ணும் வரை இறுக்கி விட வேண்டும், பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. முதல் நாள் சிகிச்சை அவ்வளவுதான்.

கிளம்பும்போது மகள் கேட்டார்: "கரண்டு வைக்கலையா மேடம்?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் பிசியோதெரபிஸ்ட்டின் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது.

தொண்ணூறுகளின் இறுதியில், ஆறு மாதப் பயிற்சிக் காலத்தோடு சேர்த்து நாலரை வருஷப் படிப்பை முடித்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தார். பிசியோதெரபி பிரிவு கீழ்த்தளத்தில் இருந்தது. திரைச்சீலை போட்ட ஆறு கட்டில்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு மெஷின். ஐ.எஃப்.டி., அல்ட்ராசவுண்ட், ஷார்ட் வேவ், மெழுகுத் தொட்டி. நோயாளிகள் அந்த இடத்தைக் 'கரண்டு வைக்கிற ரூம்' என்றார்கள். ஒரு ஆளுக்கு இருபது நிமிடம் மெஷினைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓட வேண்டும். பத்து நாள், இருபது நாள் என்று சீட்டில் எழுதி வரும். கடைசி நாளில் உடற்பயிற்சிப் படங்கள் அச்சடித்த ஜெராக்ஸ் தாள் ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள்.

அப்படி இருபத்தொரு நாள் வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். நேரம் தவறாதவர். சரியாகப் பத்து மணிக்கு வேட்டியை மடித்துக்கொண்டு கட்டிலில் படுப்பார், சூடு இதமாக இருக்கிறது என்பார், வணக்கம் சொல்லிப் போவார். ஆறு மாதம் கழித்து அவரே வாக்கரோடு வந்தார். மெஷின் வைத்த ஒரு மாதம் நன்றாக இருந்ததாம். பிறகு பழையபடி வலி. வலிக்குப் பயந்து நடையைக் குறைத்தாராம். டேப்பால் அளந்தபோது வலிக்கும் காலின் தொடை மற்றதைவிட மூன்று சென்டிமீட்டர் இளைத்திருந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நாலாக மடித்து, மடிப்பில் நைந்துபோன அதே ஜெராக்ஸ் தாள். "தினமும் எடுத்துப் பாக்குறேம்மா. இந்த மூணாவது படம் மட்டும் எப்படிச் செய்யணும்னு பிடிபடல" என்றார்.

இருபத்தொரு நாள் தினமும் அவரைப் பார்த்தும், அந்த மூன்றாவது படத்தை பிசியோதெரபிஸ்ட் ஒரு தடவைகூடச் செய்து காட்டவில்லை. மருத்துவமனையின் நெருக்கடி காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து படத்தாள் கொடுப்பதை நிறுத்தினார். எந்தப் பயிற்சியையும் நோயாளி தன் கண்முன் மூன்று முறை சரியாகச் செய்து காட்டிய பிறகே வீட்டுக்கு அனுப்புவார். இரண்டு வருஷத்தில் அந்த வேலையை விட்டுச் சொந்தமாகச் சின்னக் கிளினிக் போட்டபோது, கட்டில்களைவிடப் படிப்பலகைகளையே அதிகம் வாங்கினார்.

மெஷினே கூடாது என்பது அவர் வாதமல்ல. வலியால் காலையே தொட விடாதவருக்குப் பத்து நிமிடச் சூடு கொடுத்தால் பயிற்சிக்கு இணங்குவார். அதோடு அதன் வேலை முடிந்தது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டி, பலன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லாததால் மின்சிகிச்சை கொடுக்க வேண்டாம் என்கிறது. எல்லா நோயாளிக்கும் கொடுக்கச் சொல்வது அவரவருக்கு ஏற்ற உடற்பயிற்சியை.

2020-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் முழங்கால் தேய்மானத்தோடு வந்த 156 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி, மறுபாதிக்கு பிசியோதெரபி. ஒரு வருஷம் கழித்து வலி, இறுக்கம், நடமாட்டச் சிரமம் மூன்றையும் சேர்த்து 240-க்கு மதிப்பிட்டார்கள். ஊசி போட்டவர்களின் சராசரி 55.8, பிசியோதெரபி பெற்றவர்களுக்கு 37. குறைந்த எண்தான் நல்லது. அதற்கு மூன்று வருஷம் முன்னால், 140 பேருக்கு இரண்டு வருஷம் நடந்த இன்னொரு ஆய்வில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களுக்கு வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு அதிகம் கரைந்திருந்தது. வலியில் வித்தியாசம் இல்லை. "ஒரு ஊசி போட்டா சரியாயிருமா?" என்று கேட்டு வருபவர்களுக்கு அவர் இந்த இரண்டையும் எடுத்துச் சொல்வார்.

டென்மார்க் 2013-இல் ஒரு திட்டம் தொடங்கியது. பெயர் கிளாட். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இரண்டு வகுப்புகளில் நோயை விளக்கிவிட்டு, ஆறு வாரத்தில் பன்னிரண்டு முறை பிசியோதெரபிஸ்ட் கண்காணிப்பில் பயிற்சி தருவார்கள். மெஷின் எதுவும் இல்லை. அந்தத் திட்டத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டது வலிக் கணக்கு. வலிக்கு 0 முதல் 10 வரை எண் கொடுத்தால், பயிற்சியின்போது 2 வரை கவலையே வேண்டாம், 5 வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் பளுவைக் குறைக்க வேண்டும். பயிற்சியால் கூடிய வலி 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வலித்தாலே கெடுதல் என்று நினைத்திருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பெரிய தைரியம் கொடுக்கிறது.

பூக்காரம்மாவுக்கும் அது மூன்றாவது வாரத்தில் கைகொடுத்தது. முகூர்த்த நாள், முந்தின ராத்திரி முழுக்க மாலை கட்டியிருக்கிறார். காலையில் வலது முட்டி பன்னுப்போல் வீங்கிவிட்டது. "பயிற்சி செஞ்சதாலதான் வீங்கிருச்சு, நிறுத்திட்டோம்" என்று மகள் போன் செய்தார். பிசியோதெரபிஸ்ட் அன்று மாலை வீட்டுக்கே போனார். பயிற்சியால் வீங்கவில்லை; எட்டு மணி நேரம் எழாமல் சம்மணமிட்டதால் வீங்கியிருந்தது. துணியில் சுற்றிய ஐஸ் பதினைந்து நிமிடம், தலையணையில் கால் உயர்த்தல், இரண்டு நாளைக்குத் துண்டை அமுக்கும் பயிற்சி மட்டும். மூன்றாவது நாள் வழக்கம்போல் எல்லாம்.

அந்த வீட்டில்தான் இன்னொரு மாற்றமும் நடந்தது. பூக் கட்டுகிற கைப்பழக்கத்தை அவர் மாற்றச் சொல்லவில்லை; பிழைப்பே அந்தக் கையில் இருக்கிறது. தரைக்குப் பதில் முக்காலி ஒன்றில் உட்கார்ந்து, எதிரே பிளாஸ்டிக் ஸ்டூலில் பூக்கூடையை வைத்துக் கட்டிப் பார்க்கச் சொன்னார். முதல் அரை மணி நேரம் பூக்காரம்மாவுக்குக் கை ஓடவில்லை. இரண்டு நாளில் பழகிவிட்டது. பத்து முழம் முடிந்ததும் எழுந்து பத்து எட்டு நடக்க வேண்டும். கடிகாரம் பார்க்கச் சொன்னால் மறந்துபோகும்; முழக் கணக்கு மறக்காது.

பளுவும் வீட்டிலேயே தயாரானது. பழைய பேன்ட் காலை வெட்டி, அரைக் கிலோ மணல் அடைத்துத் தைத்த பை. நாற்காலியில் உட்கார்ந்தபடி அதைக் கணுக்காலில் கட்டி முட்டியை நீட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மணல் கூடியது. காப்பி குடிக்கும் முன் பத்து முறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும். சோற்றுக்கு முன் பத்து, ராத்திரிப் பலகாரத்துக்கு முன் பத்து. கெண்டைக்கால் இறுக்கத்துக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நீட்டல். மாத்திரை போடுவதுபோல் வேளைக்கு வேளை செய்யச் சொன்னால் தவறுவதில்லை என்பதை அவர் அனுபவத்தில் கண்டிருக்கிறார்.

படிக்கட்டு தனிப் பாடம். பெர்லினில் அளவுக் கருவி பொருத்திய செயற்கை முழங்காலைச் சிலருக்கு வைத்து, மூட்டுக்குள் விழும் பளுவை நேரடியாக அளந்திருக்கிறார்கள். சமதளத்தில் நடக்கும்போது உடல் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு, படி இறங்கும்போது சுமார் மூன்றரை மடங்கு பளு விழுகிறது. படி இறங்குவது கடினம் என்று நோயாளிகள் சொல்வதற்கு இந்த எண்ணே சாட்சி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். கைத்தடி பிடித்தால் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். பலரும் வலிக்கிற பக்கமே பிடித்து வருகிறார்கள். கையை மாற்றிக் கொடுத்ததும் நடை அப்போதே மாறுகிறது.

எடையைப் பற்றிப் பேசுவது அவருக்குச் சங்கடமான வேலையாக இருந்தது. பலர் ஏற்கெனவே எத்தனையோ பேரிடம் அதற்காகப் பேச்சுக் கேட்டு வந்திருப்பார்கள். இப்போது ஒரே ஒரு கணக்கை மட்டும் சொல்கிறார்: ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு எட்டிலும் முழங்காலில் விழும் பளு நாலு கிலோ குறைகிறது. அமெரிக்காவில் எடை குறைத்த முதியவர்களின் நடையை அளந்து 2005-இல் கண்டது இது. பத்துக் கிலோவைப் பற்றிப் பேசினால் மலைக்கிற மனுஷர் ஒரு கிலோவை முயன்று பார்க்கிறார்.

எல்லா முழங்காலும் பூக்காரம்மாவின் முழங்கால் அல்ல. ஆட்டோ ஓட்டும் நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு முட்டிச் சில்லுக்குப் பின்னால் வலி. காலை மடித்தே மணிக்கணக்கில் உட்கார்வதாலும் படி இறங்குவதாலும் அது கூடியது. ஒற்றைக் காலில் நின்று அரை உட்காரச் சொன்னபோது முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது. அவருக்குக் கொடுத்தது, ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்கும் இடுப்புப் பயிற்சி. "வலி முட்டில, பயிற்சி இடுப்புக்கா மேடம்?" என்றார். "அண்ணே, வண்டி ஒரு பக்கம் இழுத்தா டயர மட்டுமா பாப்பீங்க?" என்றதும் புரிந்துகொண்டார். எட்டு வாரத்தில் வலி மாத்திரையை நிறுத்தினார்.

மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடித்து வருபவர்களிடம் வேறு போராட்டம். முட்டிக்கு அடியில் தலையணை வைத்துக்கொண்டால் இதமாக இருக்கும். வீட்டாரும் பாசத்தில் வைத்துவிடுவார்கள். அந்தத் தலையணை இருந்தால் கால் மடங்கிய வாக்கிலேயே இறுகிவிடும், பிறகு நேராக்குவது பெரும்பாடு. குதிகாலுக்கு அடியில் மட்டும் துணிச்சுருள் வைத்து முட்டியைத் தொங்கவிட வேண்டும். முதல் இரண்டு வாரத்தில் 90 பாகை மடக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருப்பார். அந்த நாட்களில் பாட்டிகள் அவரைத் திட்டுவதும் உண்டு. அவர் கையைப் பிடித்துக்கொண்டே திட்டுவார்கள்.

அறுவைச் சிகிச்சை தேவைப்படுபவர்களை அவர் தடுப்பதும் இல்லை. டென்மார்க்கில் மூட்டு மாற்றுக்குத் தகுதியான 100 பேரிடம் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. எல்லாருக்கும் பன்னிரண்டு வார உடற்பயிற்சி, உணவு ஆலோசனை எல்லாம் உண்டு. பாதிப் பேருக்கு மட்டும் முதலில் அறுவைச் சிகிச்சை. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. தீவிரமான பக்கவிளைவுகளும் அவர்களுக்கே அதிகம். செய்துகொள்ளாத ஐம்பது பேரில் ஒரு வருஷத்துக்குள் அறுவைச் சிகிச்சைக்குப் போனவர்கள் 13 பேர். மீதிப் பேர் அந்த ஒரு வருஷத்தை அது இல்லாமலே கடந்தார்கள். ராத்திரித் தூக்கம் கெட்டு, வீட்டுக்குள்ளேயே நடக்க முடியாமல், ஒழுங்காக மூன்று நாலு மாதம் பயிற்சி செய்தும் தேறாதவரை எலும்பு மருத்துவரிடம் அவரே அழைத்துப் போய்விடுவார்.

சில முழங்கால்களைத் தொடாமலே அனுப்பிவிட வேண்டியிருக்கும். காய்ச்சலோடு சிவந்து கொதிக்கும் முட்டி, அடிபட்டபின் ஊன்ற முடியாத கால், பாதியில் பூட்டிக்கொண்டு நீளாத முட்டி, திடீரென்று வீங்கி வலிக்கும் கெண்டைக்கால். இவற்றுக்கு அன்றைக்கே மருத்துவர் வேண்டும், பயிற்சி காத்திருக்கலாம். ஒருமுறை வந்த பெரியவருக்கு முட்டி எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது, வலி மட்டும் தீரவில்லை. படுக்க வைத்துத் தொடையை உள்பக்கமாகத் திருப்பியபோது 'ஐயோ' என்றார். கோளாறு இடுப்பு மூட்டில் இருந்தது. இடுப்பின் வலியை முட்டியில் காட்டுவது உடம்பின் வழக்கம். முட்டி வலி என்று வருபவரின் இடுப்பையும் முதுகையும் சோதிக்காமல் அவர் சிகிச்சை தொடங்குவதில்லை.

காசு கொடுத்துக் கிளினிக்குக்கு வர முடிந்தவர்களின் கதைகள் இவை. வர முடியாதவர்களும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீட்டு வாசலுக்குப் போகிறது. தன் துறையில் தான் கண்ட நல்ல மாற்றங்களில் இதையே அவர் முதலாவதாகச் சொல்கிறார். வீட்டுக்குப் போனால்தான் கழிப்பறை உயரம் தெரியும், நிலைப்படி தெரியும், பிடித்துக்கொள்ள எது இருக்கிறது என்பது தெரியும். குழாய்க்காரரைக் கூப்பிட்டுக் கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்தியதே பாதிச் சிகிச்சையான வீடுகளை அவர் பார்த்திருக்கிறார்.

பூக்காரம்மாவுக்கு ஆறாவது வாரம் படிப்பலகை தொடங்கியது. முதலில் நாலு அங்குலம். பிறகு ஆறு, எட்டு. ஒரு நாள் இன்ச் டேப்போடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், நின்றுகொண்டிருந்த டவுன் பஸ்ஸின் முதல் படியை அளந்து வந்தார் பிசியோதெரபிஸ்ட். பதினாறு அங்குலம். கிளினிக் சுவரோரம் அதே உயரத்துக்குப் பலகை அடுக்கி, பக்கத்தில் பிடிப்பதற்கு ஒரு இரும்புக் கம்பியையும் நட்டார். கம்பியைக் கையால் இழுத்து, காலால் ஊன்றி, உடம்பை முன்னால் சாய்த்து ஏற வேண்டும். பத்தாவது வாரம் பூக்காரம்மா ஏறினார். இறங்க இன்னும் ஒரு வாரம் பிடித்தது.

பன்னிரண்டாம் வாரக் கடைசியில் குறிப்பேட்டில் இருந்தவை: வலி 7-லிருந்து 3. மடக்கல் 125 பாகை. நீட்டலில் மிச்சம் 2 பாகை. 30 விநாடியில் 13 முறை. எக்ஸ்ரே எடுத்திருந்தால் அதே படம்தான் வந்திருக்கும். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு பிசியோதெரபிஸ்ட்டின் போன் ஒலித்தது. பின்னணியில் கண்டக்டர் விசில். "மேடம், பஸ்ஸுக்குள்ள இருந்துதான் பேசுறேன். மார்க்கெட்டுக்குப் போறேன்."

முழங்கால் வலியோடு சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு அவர் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. பிசியோதெரபிக்குப் போய் நாலைந்து நாள் ஆனதும், வீட்டில் நீங்களே செய்ய என்ன கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் கேளுங்கள். படம் போட்ட தாள் கொடுத்தால், ஒவ்வொரு படத்தையும் செய்து காட்டச் சொல்லுங்கள். நீங்கள் செய்வது சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது படம் பிடிபடவில்லையென்றால் கூச்சப்படாமல் மறுபடி கேளுங்கள். சொல்லித்தருவது எங்கள் கடமை.